உதட்டின் விளிம்பு

(நூற்றாண்டு நிறைவு ஒன்றுகூடலின் காலை அமர்வில், 1998 உயர்தர வகுப்பின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த உரை முழுவதும் 'நாங்கள்' என்றே வரும். மேடைக்கு ஏறியது ஒருத்திதான். ஆனால் எழுதியதை வட்ஸ்அப்பில் வெட்டியும் ஒட்டியும் திருத்தியவர்கள் பதினொரு பேர். அதில் ஒருத்தியின் திருத்தம் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

'எங்கள் மாணவிகளில் டொக்டர் ஒருவர் பேசவேண்டும், பெண்களின் உடல்நலம் பற்றி ஏதாவது' என்று செயலாளர் அக்கா கேட்டபோது, நீரிழிவு பற்றியோ மார்பகப் பரிசோதனை பற்றியோ பேசுவோம் என்று நினைத்திருப்பார். அவை பற்றிப் பேச இன்று எங்களைவிடத் தகுதியான அக்காமார் இருவர் இருக்கிறார்கள். நாங்கள் உதட்டுக்குப் பூசும் ஒரு பென்சிலைப் பற்றிப் பேசப்போகிறோம். ரீச்சர்மார் முகம் மாறுவது தெரிகிறது. இரட்டைப் பின்னலும் வெள்ளைச் சீருடையும் ஒரு சின்னப் பொட்டும் தவிர வேறெதையும் முகத்துக்குக் கிட்டவிடாமல் எங்களைப் பதின்மூன்று வருடம் காத்தவர்கள் நீங்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருநெல்வேலியில் எங்களுள் ஒருத்தியின் வீட்டில் ஒன்பது பேர் கூடினோம். இன்று மாலை நிகழ்ச்சிக்கு எந்த நிறத்தில் சேலை கட்டுவது என்று முடிவெடுப்பதற்கான கூட்டம் அது. சேலை விஷயம் முடிய மூன்று மணித்தியாலம் எடுத்தது. நூற்றாண்டு விழாவுக்கென்று ரொறன்ரோவில் இருந்து முன்கூட்டியே வந்திருந்த தோழி அப்போதுதான் கைப்பையில் இருந்து மூன்று பென்சில்களை எடுத்து மேசையில் வைத்தாள். லிப் கொன்டூர் என்றாள். உதட்டின் ஓரத்தை மெல்ல வரைந்து, விரலால் தேய்த்துக் கலந்துவிட்டால், பூசியதே தெரியாமல் உதடு எடுப்பாகத் தெரியுமாம். பெட்டியிலும் 'இயற்கைத் தோற்றம்' என்றுதான் போட்டிருந்தது.

'பூசியது தெரியாது எண்டால் பிறகு என்னத்துக்கடி பூசுறது?' என்று கேட்டாள் ஒருத்தி. அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை.

உதட்டைச் சிவப்பாக்குவது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. எங்கள் அம்மம்மாமாருக்கு வெற்றிலைத் தட்டம் இருந்தது. பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வரும் அந்தச் சிவப்புக்கு நிகரான லிப்ஸ்ரிக்கை இன்றுவரை எந்தக் கொம்பனியும் செய்யவில்லை. அழகுக்குள் இருந்த ஆபத்தை அவர்கள் அறியவில்லை. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூலில் உறுதியாகச் சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் இன்றைக்கும் உதடு, வாய் சார்ந்ததுதான். உதட்டிலோ வாயிலோ மூன்று கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் தழும்பு, தடிப்பு எது இருந்தாலும் காட்டுங்கள். வீட்டில் வெற்றிலை போடும் பெரியவர்களின் வாயை ஒரு டோர்ச் அடித்துப் பாருங்கள். டொக்டருக்கு ஒதுக்கிய கடமை இத்துடன் முடிந்தது. பென்சிலுக்கு வருவோம்.

மேசையில் இருந்த மூன்றையும் உடனே ஒன்பது பேரும் இழுபறிப்படத் தொடங்கினார்கள். தோல் நோய்க் கிளினிக்கில் இருந்து வந்த குணம் சும்மா இருக்க விடவில்லை. ஒருவர் பூசியதை அப்படியே மற்றவர் பூசக்கூடாது என்று பென்சில்களைப் பறித்து வைத்துக்கொண்டோம். வாயோரத்தில் கொப்புளமாக வரும் ஹேர்பிஸ் வைரஸை ஐம்பது வயதுக்குட்பட்டோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் உடலில் சுமந்துகொண்டு திரிகிறார்கள். பலருக்கு அது தங்களிடம் இருப்பதே தெரியாது. ஒவ்வொருவர் பூசி முடிந்ததும் பென்சிலைத் துடைத்து, சீவி, கூரில் ஸ்பிரிட் தொட்டு, காயவிட்டு, பிறகுதான் அடுத்தவர். பஞ்சும் ஸ்பிரிட்டும் எங்கள் காரில் எப்போதும் இருக்கும்.

'டொக்டர் அம்மா, உன்ர உபத்திரவம் தாங்கேலாது. பள்ளிக்கூடத்திலை ஒரு மாங்காயை ஒன்பது பேர் கடிச்சுத் திண்டனாங்கள்' என்றாள் ரொறன்ரோக்காரி. உண்மைதான். உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் கடித்தோம். அதற்காக இப்போதும் கடிக்க முடியாது.

அடுத்த தடை இன்னும் பெரியது. பெட்டியின் பின்புறத்தில் எறும்பு எழுத்தில் இருந்த சேர்மானப் பட்டியலை வாசித்தோம். அதில் சி.ஐ. 75470 என்று ஒன்று இருந்தது. கார்மைன் என்ற சிவப்பு அது. கள்ளிச் செடியில் வாழும் ஒரு சிறு பூச்சியைக் காயவைத்து எடுப்பது. சொன்னதும் மேசையைச் சுற்றி அமைதி. எங்களில் நால்வர் மச்சம் தொடாதவர்கள். ஒருத்தி கந்தசஷ்டி ஆறு நாளும் பாலும் பழமுமாக இருப்பவள். அவளுடைய கைப்பையிலேயே இரண்டு லிப்ஸ்ரிக் இருந்தன. எடுத்துப் பார்த்தால் ஒன்றில் அதே இலக்கம். 'அப்ப இவ்வளவு காலமும் பூச்சியையோ பூசிக்கொண்டு நல்லூருக்குப் போனனான்?' என்று அவள் கேட்ட தொனியை எழுத்தில் கொண்டுவர முடியாது. தேன்மெழுகும் ஆட்டு மயிரில் இருந்து எடுக்கும் லனோலினும் பல உதட்டுப் பூச்சுகளில் உண்டு என்ற தகவலை அன்று சொல்லாமல் விட்டோம். இன்று சொல்லிவிட்டோம்.

மூன்று பென்சில்களில் ஒன்றில் மட்டும் அந்தச் சிவப்பு இல்லை. அதன் மண்ணிறம் முழுவதும் இரும்பு ஒட்சைட்டுகளால் வந்தது. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று மூன்று வகை இரும்பு ஒட்சைட்டை வெவ்வேறு அளவில் கலந்தால், உலகத்தில் உள்ள எல்லா மனிதத் தோல்களுக்கும் கிட்டத்தட்டப் பொருந்தும் மண்ணிறங்கள் கிடைத்துவிடும். பென்சிலில் உள்ளதைத் தொழிற்சாலையில் தூய்மையாகச் செய்கிறார்கள். ஆனால் பொருள் ஒன்றுதான்: கோப்பாயிலும் உரும்பிராயிலும் தோட்டத்துக்குள் நடந்தால் காலில் ஒட்டும் செம்மண்ணின் சிவப்பும் இரும்பு ஒட்சைட்டுத்தான். சீருடையில் பட்டு, எத்தனை முறை தோய்த்தும் போகாமல் அம்மாவிடம் ஏச்சு வாங்கித்தந்த அதே நிறம்.

இனி உதட்டைப் பற்றிக் கொஞ்சம். உதட்டின் சிவந்த பகுதிக்கு மேற்தோல் மிக மெல்லியது. கீழே ஓடும் குருதிக் குழாய்களின் நிறம்தான் அதன் ஊடாகத் தெரிகிறது. அங்கே வியர்வைச் சுரப்பி இல்லை, மயிர் இல்லை. எண்ணெய்ப் பிடிப்பும் மிகக் குறைவு. அதனால்தான் கச்சான் காற்றுக்கு உதடு முதலில் வெடிக்கிறது. நாக்கால் நனைத்தால் சரியாகும் என்று நனைப்போம். உமிழ்நீர் காயும்போது இருந்த ஈரத்தையும் கொண்டுபோய்விடும். வாஸ்லினோ நெய்யோ போதும்.

எங்களைப் போன்ற தோல் உள்ளவர்களுக்கு உதட்டிலும் மெலனின் நன்றாகவே உண்டு. மேலுதடு கருமையாகவும் கீழுதடு வெளிறியும் இருப்பதும், ஓரம் நடுவைவிடக் கறுத்திருப்பதும் எங்கள் சாதாரணம். அது நோயல்ல. அதை நோயென்று சொல்லி இணையத்தில் விற்கும் 'உதடு சிவக்கும் கிறீம்'களைப் பூசி வெந்துபோன உதடுகளோடு எங்கள் கிளினிக்குக்கு வரும் பிள்ளைகள் இன்று கூடிவிட்டார்கள். போத்தலில் தயாரித்தவர் பெயர் இருக்காது, சேர்மானம் இருக்காது. இப்படியான வெளுக்கும் பூச்சுகளில் உலகெங்கும் கண்டுபிடிக்கப்படுபவை பாதரசமும் கடுமையான ஸ்டெரொயிட்டும். பாதரசம் கலந்த அழகுசாதனங்களை 2025க்குள் முற்றாக நிறுத்துவதென்று மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2023இல் முடிவெடுத்தன. முடிவு ஜெனீவாவில் எடுக்கப்பட்டது. போத்தல் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. பின்வரிசைத் தங்கைமார் இந்த ஓர் இடத்திலாவது கதையை நிறுத்திக் கேட்டதற்கு நன்றி.

புதிதாக எதை உதட்டுக்கு வாங்கினாலும், முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரே இடத்தில் நாளுக்கு இரண்டு தரமாக ஒரு கிழமை, பத்து நாள் பூசிப் பாருங்கள். கடி, சிவப்பு, தடிப்பு வராவிட்டால் உதட்டுக்குக் கொண்டுபோகலாம். வாசனைப் பொருள், ஆமணக்கெண்ணெய், லனோலின் போன்றவை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. உதடு அடிக்கடி உரிந்துகொண்டே இருந்தால் லிப்ஸ்ரிக்கை மட்டுமல்ல, பற்பசையையும் சந்தேகப்படுங்கள். அன்று நாங்கள் ஒன்பது பேரும் பத்து நாள் காத்திருந்தோமா என்று யாரும் கேட்கவேண்டாம்.

ரியூப் லைற்றின் கீழ் முதலில் பூசிய ஐந்து பேரும் நோயாளிகள் போல இருந்தோம். வெளிர்ப் பென்சில் வெள்ளைக்காரத் தோலுக்குச் செய்தது; எங்கள் முகத்தில் சுண்ணாம்புக் கோடு மாதிரி நின்றது. மற்றது ஊதாவாகத் தெரிந்தது. கோட்டை உதட்டுக்கு வெளியே தாராளமாக இழுத்த ஒருத்தி, மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு வாய் துடைக்க மறந்தவள் போல இருந்தாள். சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. 'எல்லாரும் விறாந்தைக்கு வாங்கோ. வெளிச்சத்திலை பாத்துத்தான் நிறம் தெரியவேணும்' என்று ஒரு குரல் கேட்டது. அதுவரை பூசாமல், எல்லோருக்கும் கண்ணாடி பிடித்துக்கொண்டிருந்தவளின் குரல் அது.

அவளுடைய பெயரைச் சொல்வதில்லை என்று உடன்பாடு. அவள் ஒரு சித்திர ஆசிரியை. அதற்கு மேல் இல்லை. இந்த மண்டபத்தில் பாதிப் பேருக்கு அவளைத் தெரியும். மற்றப் பாதி தயவுசெய்து திரும்பித் தேடவேண்டாம்.

விறாந்தையில் எங்களை வரிசையாக இருத்தி அவள்தான் பூசினாள். சொந்த உதட்டின் நிறத்தைவிட ஓர் அளவு மட்டும் கடுமையான நிறம் எடுத்தாள். ஒரே இழுப்பில் கோடு போடாமல் சின்னச் சின்னக் கீறல்களாகப் போட்டாள். மேலுதட்டின் நடுவில் இருக்கும் இரண்டு மேடுகளிலும், கீழுதட்டின் நடுவிலும் மட்டும் ஒரு மயிரளவு வெளியே. வாயின் இரு கடைகளிலும் வெளியே போகவே இல்லை. கீழுதட்டுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் மிச்சமிருந்த நிறத்தை விரலால் தொட்டு நிழலாக்கினாள். 'பழம் கீறினால் கீழை நிழல் போடுறேல்லையே, அதுதான். நிழல் இருந்தால்தான் உருண்டு தெரியும்' என்றாள். முடிந்ததும் கண்ணாடியைப் பார்த்தோம். பெட்டியில் எழுதியிருந்தது பொய்யில்லை. நித்திரை கொண்டு எழும்பிய, கவலையில்லாத எங்கள் முகம் அது. எட்டுப் பேருக்கும் பூசிவிட்டு அவள் பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.

அப்போதுதான் எங்களில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: 'அண்டைக்கும் நீதானே எங்கள் எல்லாருக்கும் பூசினனி.'

அன்றைக்கு என்றால் 1994. ஊரில் மின்சாரம் இல்லாத காலம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். அந்த வருடம் இல்லங்களுக்கிடையிலான நாடகப் போட்டிக்கு எங்கள் இல்லம் சத்தியவான் சாவித்திரி போட்டது. லிப்ஸ்ரிக்குக்கு எங்கே போவது? பீற்றூட்டைத் துருவிப் பிழிந்து, கொஞ்சம் நெய் சேர்த்து, தேங்காய்ச் சிரட்டையில் வைத்திருந்தோம். ஒரு பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் தீக்குச்சி நுனியில் பஞ்சு சுற்றி அவள்தான் எல்லோருக்கும் உதடு வரைந்தாள். எமனுக்குக்கூட வரைந்தாள். அவளுக்கு ஒருவரும் வரையவில்லை. அவள் மேடை ஏறவில்லை. திரைக்குப் பின்னால் நின்று கதை சொல்லும் குரல் அவளுடையது.

சாவித்திரியின் வசனம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். ஒத்திகையில் எங்கள் எல்லோரையும்விட நன்றாக நடித்தவள் அவள். 'உன்ர குரல் நல்லது, நீ பின்னணிக்கு நில்' என்று சொன்னோம். சொன்னது ரீச்சர் அல்ல, அதிபர் அல்ல. இல்ல நாடகத்துக்கு ஆள் தெரிவு செய்தவர்கள் மாணவிகளே. நாங்களே. ஏன் அப்படிச் சொன்னோம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அவள் உதட்டுப் பிளவுடன் பிறந்தவள். கைக்குழந்தையாக இருந்தபோது தைத்துவிட்டார்கள். மூக்கின் இடதுபுறத்தில் இருந்து உதடுவரை ஒரு தழும்பு. அது முடியும் இடத்தில் உதட்டின் விளிம்பு ஒரு சின்னப் படி ஏறி இறங்கும். அண்ணம் பிளக்கவில்லை. அதனால் பேச்சில் எந்தக் குறையும் இல்லை. வகுப்பில் சிரிக்கும்போது கையால் வாயை மூடுவாள். அதை அவளுடைய அடக்கம் என்று நாங்கள் வர்ணித்துக்கொண்டோம்.

இந்த இடத்தில் டொக்டர் மறுபடி பேசவேண்டியிருக்கிறது. கருவில் முகம் உருவாகும்போது இரு பக்கத்திலிருந்தும் நடுவிலிருந்தும் வரும் பகுதிகள் ஒன்றுசேர்ந்து மேலுதடாகின்றன. கர்ப்பத்தின் நான்காம் கிழமைக்கும் ஏழாம் கிழமைக்கும் இடையில் இது நடந்து முடிகிறது. பல தாய்மாருக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே அப்போதுதான் தெரியவரும். சேராமல் விட்ட இடம்தான் பிளவு. உதடு, அண்ணப் பிளவுகளைச் சேர்த்துப் பார்த்தால் உலகில் ஏறத்தாழ 700 குழந்தைகளுக்கு ஒன்று. பரம்பரை, தாயின் நீரிழிவு, புகைத்தல், வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகள் என்று காரணங்கள் பல சேர்ந்து வரும். பெரும்பாலும் இன்னதென்று ஒன்றைக் காட்ட முடியாது. கிரகணம் காரணமல்ல. கர்ப்பிணி கிரகணத்தன்று கத்தி பிடித்தாள், வெளியே வந்தாள் என்று ஒரு தாயின் தலையில் வாழ்நாள் பழியைப் போடுவதை இன்னும் எங்கள் வாட்டுகளில் கேட்கிறோம். எங்கள் தோழியின் அம்மாவும் அந்தப் பழியைச் சுமந்தே போய்ச் சேர்ந்தவர்.

உதட்டின் சிவப்புக்கும் தோலுக்கும் இடையில் மெல்லிய வரம்பு ஒன்று, வெளிறி, சற்று உயர்ந்து இருக்கும். உங்கள் விரலால் தடவினால் தெரியும். பிளவைத் தைக்கும் சத்திரசிகிச்சை நிபுணர் கத்தி வைக்க முன்னரே அந்த வரம்பில் மையால் புள்ளி வைப்பார். இருபக்கப் புள்ளியும் சரியாகச் சந்திக்கவேண்டும். ஒரு மில்லிமீற்றர் விலகினாலும், எதிரில் நின்று கதைப்பவரின் கண் அதைக் கண்டுபிடித்துவிடும். குழந்தையில் தைத்தது வளர வளர இழுபடலாம். அதனால் பிறகு ஒரு திருத்தச் சிகிச்சை பலருக்குத் தேவைப்படும். எங்கள் தோழிக்கும் பதினான்கு வயதில் கொழும்பில் செய்வதாக இருந்தது. அப்போது கொழும்புக்குப் போவதென்றால் கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடக்கவேண்டும். கடக்கப்போய்த் திரும்பாதவர்கள் இருந்தார்கள். 'உதட்டுக்காக உயிரைக் குடுக்கேலாது' என்றார் அவளுடைய அப்பா. அடுத்த வருடம் ஒக்ரோபர் 30ஆம் திகதி ஊரே வெளிக்கிட்டது. பிறகு படிப்பு, வேலை, பிள்ளைகள். பாதை 2002இல் திறந்தபோது அவளுக்கு மடியில் குழந்தை.

ஆகவே விறாந்தையில் அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை. பென்சிலைச் சீவி முடித்து, ஸ்பிரிட் தொட்டு, காய ஊதினாள். பிறகு 'கண்ணாடியை ஆரும் பிடியுங்கோ' என்றாள். நாங்கள் பிடித்தோம்.

அவள் வரைந்தது எங்களுக்கு வரைந்த முறையில் அல்ல. வலதுபக்க மேடு எவ்வளவு உயரம் என்று பென்சிலை நிமிர்த்தி அளந்தாள். அதே உயரத்தில் இடதுபக்கம் ஒரு புள்ளி. கடைவாயில் ஒரு புள்ளி. இடையில் இன்னும் இரண்டு. கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல வைத்துவிட்டுத்தான் இணைத்தாள். தழும்பின் மேல் நிறம் பிடிக்காமல் வழுக்கியது. தழும்புத் தோல் அழுத்தமாக இருக்கும், அதில் மெழுகு நிற்காது. துடைத்துவிட்டு, தொட்டும் தொடாததுமாகப் பௌடர் போட்டு, மேலே மெல்லிய கீறல்களாக மூன்று தரம் அடுக்கினாள். தழும்பு முதிர்ந்தபின்தான் இப்படிச் செய்யலாம். சத்திரசிகிச்சை முடிந்து ஒரு வருடமாவது போகவேண்டும் என்று அந்த நேரத்திலும் சொல்லித் தொலைத்தோம். அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

முடித்துவிட்டு நிமிர்ந்தாள். விளிம்பு நேராக ஓடியது. அந்தச் சின்னப் படி இருந்த இடம் தெரியவில்லை. தழும்பு தெரிந்தது, அதை அவள் மூடவில்லை. கண்ணாடியில் பக்கவாட்டாகத் திரும்பிப் பார்த்தாள், நேராகப் பார்த்தாள், கடைசியில் சிரித்துப் பார்த்தாள். கை வாய்க்குப் போகவில்லை.

'என்ன மாதிரி?' என்று கேட்டோம்.

'நல்ல பென்சில்' என்றாள். கொஞ்சம் பொறுத்து, 'எனக்கு இது வேணும் எண்டு இல்லை. இந்த முகத்தோடை இருவது வருஷமாப் படிப்பிக்கிறன், பிள்ளையளுக்குப் பழகிப்போச்சு. ஆனா எட்டாம் வகுப்பிலை ஒருத்தி இருக்கிறாள். என்னை மாதிரித்தான். நல்லா ஆடுவாள், நடனத்துக்குப் பேர் குடுக்கமாட்டன் எண்டு நிக்கிறாள். புள்ளி வைச்சுக் கீறுறதை அவளுக்குக் காட்டலாம் எண்டு பாக்கிறன். பூசுறதும் விடுறதும் அவளின்ர விருப்பம்' என்றாள்.

பூசியது தெரியாது என்றால் எதற்காகப் பூசுவது என்று கேட்டவளும் அங்கேதான் இருந்தாள். அவள் எழும்பிப்போய்த் தேத்தண்ணி வைத்தாள்.

அந்தப் பிள்ளைக்குத் திருத்தச் சிகிச்சைக்கு ஆலோசனை பெற எங்களால் ஆனதைச் செய்துகொண்டிருக்கிறோம். இப்போது கடலேரி கடக்கத் தேவையில்லை. கைக்குழந்தைகளுக்கு மூன்று மாதம் தொடங்கி ஆறு மாதத்துக்குள்ளேயே உதட்டைத் தைத்துவிடுகிறார்கள். உங்கள் உறவில், அயலில் அப்படி ஒரு பிள்ளை பிறந்தால், பால் குடிக்கக் கஷ்டப்படும் முதல் நாளிலேயே கேளுங்கள். மறைத்து வைக்காதீர்கள்.

இனி அந்தத் திருத்தம். இந்த உரையின் முதல் பிரதியை அவளுக்கு அனுப்பியபோது, விறாந்தைக் காட்சியின் முடிவில் 'அவள் எங்களை மன்னித்துவிட்டாள்' என்று எழுதியிருந்தோம். எழுதும்போது எங்களுக்குக் கண் கலங்கியதும் உண்மை. அவள் அந்த வரியை மட்டும் வெட்டி, பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தாள்: 'அப்பிடி நான் சொல்லேல்லை. நீங்கள் இன்னும் கேக்கவுமில்லை.'

உண்மை. முப்பது வருடத்துக்கு மேலாகியும் நாங்கள் கேட்கவில்லை. கலியாண வீட்டில் சந்தித்தோம், செத்தவீட்டில் சந்தித்தோம், வட்ஸ்அப்பில் நாளாந்தம் காலை வணக்கம் போட்டோம். கேட்கவில்லை. அந்த நாடகத்துக்கு எங்கள் இல்லத்துக்கு முதலாம் இடம் கிடைத்தது. கேடயம் இன்றும் இந்த மண்டபத்துக்கு வெளியே கண்ணாடி அலுமாரியில், கீழ்த்தட்டில் இருக்கிறது. அந்த மேடையும் இதுதான். ஆகையால் இங்கே நின்றே கேட்கிறோம். சாவித்திரி உனக்குரியது. உன்னுடைய உதட்டைப் பார்த்து உனக்குத் தராமல் விட்டோம். குரலைச் சாட்டாகச் சொன்னோம். எங்களை மன்னித்துக்கொள். பதிலை இப்போதே சொல்லவேண்டும் என்றில்லை.

மாலை ஆறு மணிக்கு வகுப்பு வகுப்பாகப் படம் எடுப்பதாகச் செயலாளர் அக்கா அறிவித்திருக்கிறார். எங்கள் சேலை, பெரிய விவாதத்துக்குப் பிறகு, செம்மண் நிறம். படத்துக்கு முன் முகம் கழுவி வர நினைப்பவர்கள் நூலகத்துக்குப் பக்கத்து வகுப்பறைக்கு வரலாம். அங்கே வெளிச்சம் நல்லது. பென்சில் எங்கள் தோழியின் கைப்பையில் இருக்கிறது. கேட்டால் தருவாள். ஸ்பிரிட் எங்களிடம் இருக்கிறது.